கட்டிலுக்கடியில் முப்பத்தாறு பாட்டில்கள்

நில்டாவின் அழைப்பு வந்தபோது காலை ஒன்பதரை மணி. நான் அடுப்பருகே உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி படித்துக்கொண்டிருந்தேன். அழைப்புகளை நான் பெரும்பாலும் எடுப்பதில்லை. மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"அன்செல்மோ, வெடிச்சிடுச்சு!"

"எது?"

"பீருப்பா, பீர்! ஒண்ணு வெடிச்சுது, அது வெடிச்ச வேகத்துல பக்கத்துல இருந்த ரெண்டும் போச்சு. கண்ணாடி செவுத்துல குத்திக்கிட்டு நிக்குது, ஆணி அடிச்ச மாதிரி."

"யாருக்காவது அடி பட்டுச்சா?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கத்தியது. "நான் இன்னும் சாகலைன்னு சொல்லு அவன்கிட்ட!"

அது எவரிஸ்தோ, அவள் கணவன். ஜூன் மாதம் மலையில் மரம் வெட்டும்போது ஒரு சைப்ரஸ் உருண்டு அவன் காலில் விழுந்தது. இடுப்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டு. நூற்றுப்பத்து கிலோ உடம்பு; மூன்று பேர் இல்லாமல் அவனைத் திருப்பிப்போட முடியாது. பூமியின் இந்தத் தென்கோடியில் அது குளிர்காலம் என்பதால் அவன் கட்டிலை இரும்பு அடுப்பு இருக்கும் அறைக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"பாட்டிலெல்லாம் எங்க இருக்கு நில்டா?"

"எங்கன்னா? என் குண்டு படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியிலதான்."

கையிலிருந்த மாத்தே குடுவை சாய்ந்து வெந்நீர் என் தொடையில் கொட்டியது. சூடு உறைக்கவில்லை.

"ஒண்ணையும் தொடாதே," என்றேன். "இழுக்காதே, நகத்தாதே. அடுப்புல இருக்கிற விறகை எடுத்து வெளியே பனியில போடு. நான் வர்றேன். யாரு அங்க வெக்கச் சொன்னா?"

"என்னப்பா கேக்குறே? உன்கிட்ட சொன்னேனே!"

தொடர்பு அறுந்தது.

வண்டியைக் கிளப்பி ஆற்றுப் பாலம்வரை போனேன். 'சொன்னேனே' என்ற அந்த ஒரு சொல் என்னோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாலத்தின் இந்தப் பக்கம் நிறுத்தினேன். போனை எடுத்தேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடி விளைகிறது. அதனாலேயே வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சுகிறார்கள். நான் பத்தொன்பது வருடமாகக் காய்ச்சுகிறேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. எப்படியோ எல்லோரும் சந்தேகம் கேட்கும் ஆளாகிவிட்டேன். கேட்பதை எழுதி அனுப்பினால் நன்றாக இருக்கும். எங்கள் ஆட்கள் எழுத மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். அதில் மழை வரும், நாய் வரும், மைத்துனன் வாங்கிய வண்டி வரும், நடுவில் எங்கோ ஒரு கேள்வி வரும். முதல் அரை நிமிடம் கேட்டு, கேள்வி கிடைத்தவுடன் நிறுத்தி, ஒரு சொல்லில் பதில் எழுதப் பழகியிருந்தேன். 'அன்செல்மோ ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான், ஆனா சொன்னா சொன்னதுதான்' என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

நில்டாவின் பதிவு பதினாறு நாள் பழையது. நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. முதல் பகுதி எனக்கு நினைவிருந்தது: "மூணு நாளா அளக்குறேன் அன்செல்மோ. அந்தக் கண்ணாடிக் குழாய் ஆயிரத்து இருபதுலயே நிக்குது. அசைய மாட்டேங்குது. முடிஞ்சுபோச்சா? பாட்டில்ல அடைச்சிடட்டுமா?"

அதன் கீழே என் பதில். 'ஆமா. அடை.'

பீரில் மிதக்கும் அந்தக் குழாய் மிச்சமிருக்கும் சர்க்கரையைக் காட்டும்; மூன்று நாள் ஒரே எண் என்றால் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது. அதுதான் விதி. நானே பலருக்குச் சொன்ன விதி.

மிச்சத்தை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"...இரு, இன்னொண்ணு. பீர் வாளி கொட்டகையில இருக்கு. உள்ள வெக்க இடமில்ல, குண்டு கட்டில் அடைச்சுக்கிட்டிருக்கு. ஏய் சும்மா இரு, உன்னைச் சொல்லல, கட்டிலைச் சொன்னேன்... கொட்டகையில என்னா குளிருங்கிறே! நேத்து மூடியைத் தொறந்தா ஓரமெல்லாம் ஐஸு. கரண்டியால தட்டி எடுத்துட்டுத்தான் அளந்தேன். அதனால ஒண்ணும் இல்லையே? அப்புறம், அடைச்சதும் சூடா வெக்கணும்ல, நுரை கட்ட? வீட்டுலயே சூடான இடம் குண்டு கட்டிலுக்கு அடிதான். நாலு காலுக்கும் செங்கல் வெச்சு தூக்கியாச்சு, மூணு பெட்டி உள்ள போயிடும். தப்புன்னா சொல்லிடு. நீ ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்."

பதிவு முடிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கடியில் ஆறு சத்தமில்லாமல் போனது, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

ஈஸ்ட் முடிக்கவில்லை. தூங்கியிருக்கிறது. பனிக்கட்டி மிதக்கும் வாளியில் எண் மூன்று நாள் அல்ல, முப்பது நாளும் அசையாது. வாளியைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோய், அடியில் படிந்ததை மெதுவாகக் கலக்கிவிட்டு, ஒரு வாரம் பொறுத்து மறுபடி அளந்தால் ஆயிரத்துப் பத்துக்கு இறங்கியிருக்கும். அந்தப் பத்துப் புள்ளிச் சர்க்கரை முழுவதும் இப்போது பாட்டிலுக்குள் இருந்தது. நுரைக்காக மேலும் போட்ட சர்க்கரை வேறு. மூடியை இறுக்கி, பதினாறு நாள், அடுப்பின் பக்கத்தில். விதியின் பாதியைத்தான் நான் சொல்லியிருந்தேன். மறுபாதியை அவளே கேட்டிருந்தாள்.

மூன்று முறை கியர் விழவில்லை. நான்காவது முறை விழுந்தது.

நில்டா வாசலில் நின்றிருந்தாள். பின்னலில் பீர் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. முற்றத்துப் பனியில் அவள் எறிந்த கொள்ளிக்கட்டைகள் புகைந்துகொண்டிருந்தன.

உள்ளே போனேன். ஈரமான ரொட்டி போல ஒரு வாசனை. சுவரில், ஆள் நெஞ்சுயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கண்ணாடித் துண்டு செங்குத்தாகக் குத்தி நின்றது. உயரமான இரும்புக் கட்டில், அதன்மேல் தடித்த கம்பளி மெத்தை, அதன்மேல் எவரிஸ்தோ. செங்கல்மேல் தூக்கி வைத்ததால் அவன் தேவாலயத்தில் ஊர்வலத்துக்குத் தயாரான சிலைபோலக் கிடந்தான்.

"வாங்க வாத்தியாரே," என்றான். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. புத்தகம் படிப்பதால் அவன் வைத்த பெயர், ஊரும் பிடித்துக்கொண்டது. "கண்ணிவெடி மேல படுக்க வெச்சிருக்கா பாரு என் பொண்டாட்டி. இருவது வருஷமா கேக்குறேன், என்மேல எதாவது கோவம் இருந்தா வாயால சொல்லுடி கறுப்பின்னு."

"வாயை மூடு குண்டு," என்றாள் நில்டா. குரல் உடைந்தது.

குனிந்து பார்த்தேன். மூன்று பெட்டிகள், பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில்கள், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். நடுப்பெட்டியில் மூன்று பாட்டில் இருந்த இடத்தில் உடைந்த கழுத்துகள். கட்டிலின் கம்பி வலை அவன் எடையில் தொங்கிப்போயிருந்தது. வலைக்கும் பாட்டில் மூடிகளுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. மெத்தையின் அடிப்பக்கம் முழுவதும் கண்ணாடிச் சில்லுகள் கம்பளியில் புதைந்து நின்றன. கையை நீட்டப் போனவன் இழுத்துக்கொண்டேன். முப்பத்து மூன்று பாட்டில்கள். எதற்கும் சத்தம் இல்லை. சத்தமில்லாத ஒன்றைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல்முறை.

"பெட்டியை இழுத்துடலாமா?" என்று நில்டா கிசுகிசுத்தாள்.

"கூடாது. ஒண்ணோட ஒண்ணு இடிச்சா எல்லாம் போயிடும். குளுந்தாதான் அடங்கும். மொதல்ல இவனை எடுக்கணும்."

"எப்படி எடுக்கிறது? தூக்க மூணு ஆள் வேணும். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ஊருக்குள்ள சந்தைக்குப் போயிட்டாங்க."

யோசித்தேன். வழக்கமாக யோசிக்க எனக்கு நேரம் எடுக்கும். எவரிஸ்தோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"வாசக்கதவைக் கழட்டு," என்றேன்.

கீல் ஆணிகளைச் சுத்தியால் தட்டி எடுத்தோம். கதவு போனதும் மலைக்காற்று நேராக அறைக்குள் வந்தது; அது வேண்டியதுதான். கதவைக் கட்டிலின் கால்மாட்டில் சாய்த்து வைத்தோம், சறுக்குமரம்போல. சேணத்துக்கடியில் போடும் ஆட்டுத்தோல்கள் ஐந்து இருந்தன. கட்டிலின் இருபக்கமும் அவற்றைத் தொங்கவிட்டாள் நில்டா. மரம் அறுக்கும்போது எவரிஸ்தோ போட்டுக்கொள்ளும் முகவலை வைத்த தலைக்கவசத்தை என் தலையில் மாட்டினாள். அவள் ஒரு மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் விண்வெளிக்குப் போற மாதிரி இருக்கீங்க," என்றான் எவரிஸ்தோ. "எனக்கு?"

அவள் ஒரு அலுமினியப் பாத்திரத்தை அவன் தலையில் கவிழ்த்தாள். பீருக்கு மால்ட் தானியம் காய்ச்சும் பாத்திரம்.

"இதுல காய்ச்சின பீர்தானே கீழ இருக்கு?"

"பேசாதே. முகத்தைக் கையால மூடிக்க."

மெத்தையின் கால்பக்க மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். இழுத்தோம். மெத்தை ஒரு முழம் நகர்ந்தது. எவரிஸ்தோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். இன்னொரு முழம். அவன் இடுப்பு கட்டில் விளிம்பைத் தாண்டியது. எடை முழுவதும் கதவின்மேல் இறங்கியது. எடை போனதும் கம்பி வலை சடாரென்று மேலே துள்ளியது. கட்டில் அதிர்ந்தது. ஒரு செங்கல் புரண்டது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. ஒன்று, உடனே இன்னொன்று. தோல்கள் பறவைபோல எழும்பின. வெள்ளை நுரை கூரையில் அடித்து எங்கள்மேல் வழிந்தது. நான் மெத்தையை விடவில்லை; விட்டேனோ என்றுகூடத் தோன்றியது, ஆனால் கை இறுகிப் பிடித்திருந்தது. நில்டா ஏதோ கத்துகிறாள், ஹெல்மெட்டுக்குள் வாய் அசைவது தெரிந்தது. கதவு சறுக்கி நிலத்தில் மோத, எவரிஸ்தோ மெத்தையோடு வழுக்கி வாசல்வரை போனான். அந்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டு பனிக்குள் ஓடினோம். விறகுக் கொட்டகைவரை இருபது தப்படி. அதன் கூரைக்குக் கீழ் வந்த பிறகுதான் நின்றோம்.

எவரிஸ்தோ முகத்தை மூடிய கைகளை எடுக்கவில்லை.

"குண்டு," என்றாள் நில்டா. "ஏய் குண்டு."

அவள் மண்டியிட்டு அவன் கைகளை விலக்கினாள். கண்கள் திறந்திருந்தன. உதடுகள் வெளுத்திருந்தன. அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்களும் பார்த்தோம். தொடைக்கு நேரே மாவுக்கட்டில் ஒரு கண்ணாடித் துண்டு, பாட்டிலின் முழு அடிப்பாகம், கோடாரிபோல இறங்கி நின்றது.

நான் அதை மெல்ல இழுத்தேன். வந்துவிட்டது. ரத்தம் இல்லை. மாவுக்கட்டின் உள் துணிவரை போய் நின்றிருக்கிறது.

எவரிஸ்தோ அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். "இந்தக் கால் உடையாம இருந்திருந்தா, இன்னைக்கு இந்தக் கால் போயிருக்கும்." சிரிக்க முயன்றான். பற்கள் தந்தியடித்தன. நில்டா தன் கம்பளிப் போன்ச்சோவைக் கழற்றி அவனைப் போர்த்தினாள். பிறகு அவன் நெஞ்சில் தலையைச் சாய்த்து ஓசையின்றி அழுதாள்.

கதவில்லாத வீட்டுக்குள் காற்று போய்வந்தபடி இருந்தது. பாட்டில்கள் சில்லிட்டுப்போக இரண்டு மணி நேரமாவது வேண்டும். குளிர்ந்தால் வாயு பீருக்குள் அடங்கும், ஈஸ்ட் மறுபடி தூங்கும். அதன்பின் ஒவ்வொன்றாகத் துணி போர்த்தி, மூடியை மயிரிழை தூக்கி, சீறல் நிற்கும்வரை விட வேண்டும். இதை நில்டாவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"என் தப்புதான்," என்றாள். "சர்க்கரையைக் கூடப் போட்டுட்டேன் போல. பத்துக் கரண்டியா பன்னெண்டா, நடுவுல எண்ணிக்கை விட்டுப்போச்சு. இவனைக் கொன்னிருப்பேன். என் கையாலயே."

"நான் அப்பவே சொன்னேன், உனக்குக் கணக்கு வராதுன்னு," என்றான் எவரிஸ்தோ, அவள் தலையைத் தடவியபடி.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். இரண்டு கரண்டிச் சர்க்கரைதான் காரணம் என்று அவள் ஆயுள்முழுக்க நம்பியிருப்பாள். இனி பீரே காய்ச்சமாட்டாள். என்னிடம் வந்து நன்றியும் சொல்வாள். கொட்டகையின் மூலையில் அந்த வெள்ளை வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் பனி படிந்திருந்தது.

"சர்க்கரை இல்ல நில்டா. நான்தான்."

அவள் நிமிர்ந்தாள்.

"நீ அனுப்பின வாய்ஸை நான் முழுசாக் கேக்கல. ஐஸ் இருந்ததுன்னு நீ சொன்னது, கட்டிலுக்கு அடியில வெக்கறேன்னு சொன்னது, எதையும் கேக்கல. மொத அரை நிமிஷம் கேட்டுட்டு, அடைன்னு எழுதிட்டேன். இன்னைக்குப் பாலத்துல வண்டியை நிறுத்தித்தான் கேட்டேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாதது, அது என்னுடையதில்லை.

"மொத்தமே நாலு நிமிஷம்தான் பேசினேன்," என்றாள் கடைசியில்.

எவரிஸ்தோ பாத்திரத்தைத் தலையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"இன்னும் யார் யாரோடதை இப்படிக் கேக்காம விட்டிருக்கே?" என்று கேட்டாள் நில்டா.

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது. போனை எடுத்துப் பார்த்தேன். இந்த மாதம் மட்டும் ஒன்பது.

"போடு," என்றாள். "இங்கயே. எங்க முன்னாடி."

விறகின்மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அழுகிய முட்டை வாசம் வருகிறது என்று ஒருவர். என் பதில் 'பொறு'. மிச்சத்தைக் கேட்டேன், அது சரிதான். பீரின்மேல் வெள்ளையாக ஏடு படர்ந்திருக்கிறது என்று ஒரு பெண். என் பதில் 'கொட்டு'. மிச்சத்தில் அவள் சொல்கிறாள்: "ஏடுன்னா, நேத்துதான் ஈஸ்ட் போட்டேன், நுரைதானோ என்னமோ, நீங்களே சொல்லுங்க." நுரைதான். நாற்பது லிட்டர் நல்ல பீரைச் சாக்கடையில் ஊற்ற வைத்திருக்கிறேன். எவரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டான். மூன்று, நான்கு, ஐந்து. வெண்ணெய் நாற்றம், புளிப்பு, கலங்கல். ஒருவர் தன் நாய் செத்ததைப் பற்றி மூன்று நிமிடம் அழுதிருக்கிறார். நான் 'குளிர வை' என்று எழுதியிருக்கிறேன்.

எட்டாவது, மனைவி லுடோவினாவோடு மேட்டுத்தெருவில் இருக்கும் இஸ்மாயேல். நேற்று மாலை அனுப்பியது. "முற்றத்துல காத்து அடுப்பை அணைக்குது வாத்தியாரே. சமையக்கட்டுக்குள்ள வெச்சுக் காய்ச்சலாமா?" என் பதில்: 'ஆமா.'

மிச்சம் ஓடியது. "...ஏன் கேக்கறேன்னா, உள்ளயும் காத்து பூந்து தீயை அலைக்கழிக்குது. அதான் ஜன்னல் சந்து, கதவுச் சந்து எல்லாம் துணி அடைச்சு டேப் ஒட்டிட்டோம். ஒரு காத்து வராது இப்ப! ரெண்டு பெரிய காஸ் அடுப்பு வெக்கறோம். லுடோவினா குழந்தை மாதிரி சந்தோஷமா இருக்கா. காலைல பத்து மணிக்குப் பத்த வெக்கறோம்."

நில்டா போனைப் பிடுங்கி மணி பார்த்தாள். பதினொன்றே முக்கால்.

அடைத்த அறையில் இரண்டு பெரிய காஸ் அடுப்புகள் ஒன்றே முக்கால் மணி நேரமாக எரிந்துகொண்டிருக்கின்றன. அப்படி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. நில்டா எதையும் என்னிடம் கேட்கவில்லை. அழைப்பை அழுத்திப் போனை என் காதில் வைத்தாள். மணி அடித்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள். என் விரல்கள் விறகுப் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"ஹலோ?" இஸ்மாயேலின் குரல், தூக்கத்திலிருந்து வருவதுபோல. "வாத்தியாரா? நீங்களா பேசறீங்க? நீங்க போன் பண்ணவே மாட்டீங்களே. யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல. அடுப்பை அணை. ஜன்னலை உடை."

"உடைக்கிறதா? கஷ்டப்பட்டு ஒட்டியிருக்கோம் வாத்தியாரே..."

"உடைடா! லுடோவினா எங்க?"

"தலைவலின்னு படுத்திருக்கா. எனக்கும் கொஞ்சம்..."

"அவளை இழுத்துக்கிட்டு வெளியே வா. பனியில வந்து நில்லு. போனை வெக்காதே. பேசிக்கிட்டே இரு."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

கண்ணாடி உடையும் சத்தம். நாற்காலி விழும் சத்தம். அவன் மூச்சுவாங்கியபடி, வரிசையில்லாமல், உளறலாகப் பேசினான்: மால்ட் எவ்வளவு போட்டான், மைத்துனன் எப்போது வருவான், அவள் எவ்வளவு கனக்கிறாள். நில்டா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. பிறகு காற்றின் இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் ஒரு பெண் இருமினாள்.

"பைத்தியக்காரா!" என்றது லுடோவினாவின் குரல். "செருப்புகூட இல்லாம பனியில தள்ளுறியே, உனக்கு அறிவு இருக்கா?"

நில்டா என் கையை விட்டாள். எழுந்து, வண்டிச் சாவிக்காகக் கையை நீட்டினாள். இஸ்மாயேலையும் லுடோவினாவையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போக. கொடுத்தேன். அவள் வண்டியைக் கிளப்பிப் போனாள். லுடோவினா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள், அவனை, அவன் அம்மாவை, பீரை, என்னை. நீளமான திட்டு. கேட்டுக்கொண்டிருந்தேன்.